நெஜமாவே ஆணி புடுங்கின கதை

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் எழுத முடியலன்னு நம்மாளுங்க எல்லாரும் ஒரு காலத்துல சொல்லிட்டு இருந்தோமே, ஞாபகம் இருக்கா மக்கா? 2001ல வந்த ப்ரெண்ட்ஸ் படத்துல வடிவேலு சொன்னது. 2019ல நேசமணி உலகம் பூரா ட்ரெண்டிங் ஆனப்போ கூட நமக்குப் புதுசா ஒண்ணும் தோணல. நாம எப்பவோ ஆணி புடுங்க ஆரம்பிச்சிட்டோம் இல்ல!

ஆனா இந்தத் தடவ நெஜமாவே புடுங்கினேன். மொத்தம் 43 ஆணி. எண்ணி ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு வச்சிருக்கேன். எதுக்குன்னு கேக்குறீங்களா? சொல்றேன்.

எங்க ஊரு குடியாத்தம். வேலூர்க்காரங்களுக்குத் தெரியும். மத்தவங்களுக்கு: லுங்கி, தீப்பெட்டி, பீடி. கொஞ்சம் சரித்திரமும் உண்டு. 1954ல முதலமைச்சர் ஆன காமராஜர் சட்டசபைக்குப் போனது எங்க ஊர் இடைத்தேர்தல்ல ஜெயிச்சுதான். ஊருக்கு நடுவுல கௌண்டின்ய ஆறு. அதுக்கு மேல ஆந்திர எல்லைப் பக்கம் ஒரு அணை, பேரு மோர்தானா. "மோர் தானா? தயிர் இல்லையா?"ன்னு வெளியூர் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் ஒரு தடவயாவது கேட்டிருப்பாங்க. நானும் ஒவ்வொரு தடவயும் புதுசா கேக்குற மாதிரி சிரிச்சு வைப்பேன் :)

இன்னிக்கு மேட்டரும் மோர்தான்.

வைகாசி ஒண்ணாந் தேதி எங்க ஊர்ல கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயில்லேருந்து அம்மன் தலைய ஊர்வலமா கொண்டாந்து, கோபாலபுரம் கெங்கையம்மன் கோயில்ல உடம்போட பொருத்துவாங்க. ரேணுகா பரசுராமர் கதைதான். அப்பா சொல்லிட்டாருன்னு அம்மா தலையவே வெட்டிட்டு, அப்புறம் வரம் கேட்டுத் திரும்ப ஒட்டவச்ச புள்ளையோட கதை. பம்பை, சிலம்பம், புலி வேஷம், வழியெல்லாம் சூறைத் தேங்காய், ராத்திரி வாணவேடிக்கை. சுத்துப்பட்டு கிராமம் மொத்தமும் ஊருக்குள்ள இருக்கும். மே மாசம் நடுவுல, கத்திரி வெயில் உச்சத்துல. வேலூர் வெயில்ல வெறுங்கால்ல நடந்து வர்ற ஜனத்துக்கு ஒரு டம்ளர் மோர்னா அது தேவாமிர்தம்.

அதனால வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை நீர்மோர், பானகம் குடுப்பாங்க. எங்க வீட்டு வாசல்லயும் எங்கப்பா குடுத்துட்டு இருந்தாரு. ரெண்டு ஸ்டூல், அதுக்கு மேல குறுக்க ஒரு பலகை, பலகை மேல பானை, டம்ளர். அவ்ளோதான் செட்டப். அப்பா போய் மூணு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் நான் குடுக்கறேன். அதே ஸ்டூல், அதே பலகை.

போன வருஷம்தான் வில்லங்கம். பலகைய வச்சப்போ ஒரு பக்கம் ஸ்டூலத் தாண்டி ஒரு முழம் நீட்டிகிட்டு இருந்துச்சு. நான் பாட்டுக்குப் பானைய அந்த நீட்டத்து மேல வச்சிட்டேன். நடுவுல டம்ளர் நெறைய இருந்த வரைக்கும் அந்த வெயிட்ல நின்னுச்சு. டம்ளர் எல்லாம் ஜனங்க கைக்குப் போச்சு பாருங்க, சீசா மாதிரி ஒரு தூக்கு! பானை கீழ, மோர் ரோட்டுல, பலகை நடுவுல பொளந்துபோச்சு. வரிசைல மொதல்ல நின்ன ஒரு பாட்டியோட காலு ஓரத்துல பானை விழுந்துச்சு. ரெண்டு அங்குலம் தள்ளி விழுந்திருந்தா கால் விரல் போயிருக்கும். அந்தம்மா "பரவால்ல நைனா, அம்மனுக்கு ஊத்துனதா நெனச்சிக்க"ன்னு சொல்லிட்டுப் போச்சு. எனக்குத்தான் அன்னிக்கு ராத்திரி தூக்கம் இல்ல.

அப்பவே முடிவு பண்ணிட்டேன். அடுத்த சிரசுக்கு ஆடாத, சாயாத ஒரு ஸ்டாண்டு. நானே செய்யணும்.

செய்யணும்னா மரம் வேணும். டிம்பர் டிப்போவுல விசாரிச்சேன். விலையக் கேட்டதும் நானே ரெண்டு டம்ளர் மோர் குடிக்க வேண்டியதாப் போச்சு. வீட்டுக்கு வந்து பின்கட்டுல உக்காந்தா எதிர்ல அடுக்கி வச்சிருக்கு, எங்கப்பாவோட தறி.

அப்பா நெசவு. லுங்கி நெய்வாரு. கடைசி அஞ்சாறு வருஷம் வேல சரியா இல்ல, இருந்தாலும் தறிக்குழில காலத் தொங்கப் போட்டு உக்காந்தாதான் அவருக்குப் பொழுது விடியும். அவர் போனப்புறம் ஈரம் ஏறுதுன்னு குழிய மூடினோம், தறியப் பிரிச்சோம். அச்சு, விழுது எல்லாம் ஒருத்தர் கேட்டு வாங்கிட்டுப் போனாரு. கால், சட்டம், படமரம் மட்டும் நின்னுபோச்சு. வெறகுக்கடைக்காரர் ரெண்டு தடவ வந்து கேட்டாரு. அம்மா குடுக்கல. குடுக்க மாட்டேன்னும் சொல்லல. "அப்பறம் பாக்கலாம்" அவ்ளோதான்.

நான் டேப்ப எடுத்துகிட்டுப் போய் ஒரு கால அளக்க ஆரம்பிச்சேன்.

"இன்னாடா அளந்துகினு கீற?"

சொன்னேன். அம்மா ஒண்ணும் பேசல. உள்ள போயிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி சாப்பாடு போடும்போதும் பேசல. மறுநாளும் பேசல. தங்கமணி என்னைப் பாத்து, "உங்களுக்கு வேற மரமே கெடைக்கலயா"ன்னு கேட்டா. எனக்கும் உறுத்திச்சு. சரி, விட்றலாம்னு டேப்ப அலமாரில வச்சிட்டேன்.

மூணாம் நாள் ராத்திரி கரண்டு போச்சு. வாசல்ல உக்காந்திருந்தோம். அம்மா தானா ஆரம்பிச்சாங்க.

"அந்தப் பலகை ஏன் வந்துச்சுன்னு உனுக்குத் தெரியுமா?"

தெரியாது. எனக்குத் தெரிஞ்ச நாள்லேருந்து பலகை உண்டு.

அம்மா சொன்னது இது. அவங்களுக்குக் கல்யாணம் ஆகி வந்த மொத சிரசு. அப்ப மோர் ஊத்தினது எங்க ஆயா, அதாவது அப்பாவோட அம்மா. திண்ணை மேல நின்னுகிட்டு ஊத்துவாங்களாம். தெருக்காரங்க, ஒறவுக்காரங்க வந்தா டம்ளர். தோல் மண்டி வேலைக்குப் போறவங்க, சேரிலேருந்து வர்றவங்க வந்தா, கீழ நின்னு ரெண்டு கையயும் குவிச்சுப் புடிக்கணும். ஆயா மேலேருந்து சொம்புல ஊத்துவாங்க. வருஷா வருஷம் அப்படித்தான். யாரும் ஒண்ணும் கேட்டதில்ல. அந்த வருஷம் ஒரு சின்னப் புள்ள. கை சின்னதா இருக்கவே ஊத்தின மோர் பாதி முழங்கை வழியா ஒழுகி சட்டையெல்லாம் நனைஞ்சு, அது அழுவ ஆரம்பிச்சிருக்கு. அப்பா உள்ளேருந்து பாத்துகிட்டு இருந்திருக்காரு. ஒண்ணும் பேசல. தறில தான் உக்காருற பலகையக் கழட்டி எடுத்தாந்து, வாசல்ல ரெண்டு ஸ்டூலு மேல போட்டாரு. வீட்ல இருந்த டம்ளரு மொத்தத்தையும் அடுக்கி மோர் ஊத்தி வச்சாரு. "எடுத்துக் குடிங்க. யாருக்கும் யாரும் ஊத்த வேணாம்."

ஆயா கேட்டாங்களாம், "இத யாருடா கழுவுறது?"

"உங்கப்பா பதில் சொல்லாம என்னைப் பாத்தாரு"ன்னாங்க அம்மா. "வந்து ஏழு மாசம்தான் ஆவுது. ஒரு பக்கம் மாமியாரு, ஒரு பக்கம் அவரு. நான் எடுத்தாந்து கழுவுனேன். ஆயா ரெண்டு நாளு என் கையால சாப்புடல. பலகை போட்டது உங்கப்பான்னு ஊருக்கே தெரியும். டம்ளர் கழுவுனது யாருன்னு எவனுக்குத் தெரியும்?"

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. கரண்டு வந்துச்சு. அம்மா எந்திரிச்சுப் போய், கட்டில் அடியிலேருந்து ஏதோ துணி சுத்தினத இழுத்தாந்து போட்டாங்க. போன வருஷம் பொளந்த பலகை! ரெண்டு துண்டும் பத்திரமா இருக்கு. நான் குப்பைல போயிருக்கும்னு நெனச்சிட்டு இருந்தேன்.

"தறிக்கால அறுத்துக்க. ஆனா மேல இதான் வரணும்."

அப்புறம் என்ன, வேல ஆரம்பம். கை ரம்பம், உளி, கொட்டாப்புளி, மூலமட்டம், வாடகைக்கு ஒரு ட்ரில் மிஷின். எனக்குத் தச்சு வேல தெரியாது. நான் ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனில கணக்கு எழுதறவன். அதனால எங்க தெரு ஆசாரியப் புடிச்சேன். எழுபது வயசு. கை நடுக்கம், உளி புடிக்க மாட்டாரு. "நான் சொல்றேன், நீ செய்" அப்படிங்கறதுதான் ஒப்பந்தம். கூலி: காலைல ஒரு டீ, சாயங்காலம் ஒரு டீ, நடுவுல நான் பண்ற தப்புக்கெல்லாம் இலவசமா திட்டு.

மொத அறுப்புலயே ஆசாரி மரத்தூளக் கைல எடுத்து மோந்து பாத்தாரு. "வேம்பு. கரையான் கிட்ட வராது." ஆனா கரையான் வராட்டியும் ஈரம் வந்திருக்கு. குழித்தறிக் கால் மண்ணுல புதைஞ்சே இருந்ததால அடி ஒரு அடிக்கு மக்கிப்போச்சு. அத அறுத்துத் தள்ளிட்டோம்.

அடுத்து உயரம். நெட்டுல பாத்த படங்கள்ல எல்லாம் 36 அங்குலம்னு போட்டிருக்கான். வெள்ளக்காரன் தோட்டத்துல பார்ட்டி குடுக்க செய்யுற ஸ்டாண்டு. அவன் உயரம் அவனுக்கு. எங்கம்மா நாலடி பத்து அங்குலம். ஆசாரி அம்மாவ சுவத்தோரம் நிக்க வச்சு, முழங்கைய மடக்கச் சொல்லி, தரையிலேருந்து முழங்கை வரைக்கும் அளந்தாரு. 35 வந்துச்சு. அதுல நாலு அங்குலம் கழிச்சு 31. "ஊத்துறவங்க கை ஏறக் கூடாது. தோள்பட்டை போயிடும்." இந்த ஒரு விஷயத்துக்கே அவருக்கு எவ்ளோ டீ வேணா வாங்கிக் குடுக்கலாம்.

அப்ப எனக்கு சுமைதாங்கிக் கல்லு ஞாபகம் வந்துச்சு. பாதையோரம் பாத்திருப்பீங்க, ரெண்டு கல்லு நட்டு மேல குறுக்க ஒரு கல்லு. தலைச்சுமையோட வர்றவன் இன்னொருத்தன் உதவி இல்லாம அப்படியே எறக்கி வச்சு, திரும்பத் தூக்கிக்கற உயரத்துல இருக்கும். பிள்ளை வயித்தோட செத்துப்போன பொண்ணுங்க நினைவா வைக்கற வழக்கம் நெறைய ஊர்ல உண்டு. தண்ணிப் பந்தலும் அப்படித்தான், ரொம்பப் பழசு. சோழர் காலக் கல்வெட்டுல தண்ணீர்ப் பந்தலுக்கு நிலம் விட்ட சேதி வருது. பெரிய புராணத்துல அப்பூதியடிகள் திங்களூர்ல திருநாவுக்கரசர் பேர்ல பந்தல் வச்சது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. இலங்கைல வெசாக் சமயத்துல ரோட்டோரம் தன்சல் போடுறாங்களே, அதுவும் இதே மே மாச வெயில்தான். எல்லாத்துலயும் ஊத்துனவன் பேரு இருக்கு, வச்சவன் பேரு இருக்கு. கழுவுனவங்க பேர எங்கயாச்சும் வெட்டி வச்சிருக்காங்களான்னு இப்பத்தான் யோசிக்கறேன்.

சரி, ஸ்டாண்டுக்கு வருவோம்.

தறிக்கால்ல ஏற்கனவே சட்டம் நுழையற துளைங்க இருந்துச்சு. 43 ஆணியும் அந்தத் துளையச் சுத்தித்தான். வருஷா வருஷம் தறி ஆட ஆட அப்பா ஒவ்வொண்ணா அடிச்சிருப்பாரு போல. எல்லாத்தையும் புடுங்கி முடிக்க ஒரு ஞாயித்துக்கிழமை. அறுத்தப்புறம் நாலு கால்லயும் துளை தரையிலேருந்து 17 அங்குலத்துல நின்னுச்சு. புதுசாத் துளை போடுற அளவுக்கு எனக்குத் திறமை இல்லாததால கீழ்த்தட்டு அங்கேயே வரட்டும்னு முடிவு பண்ணிட்டோம்.

மேல ரெண்டு பாகம். முன்னாடி 10 அங்குல அகலத்துக்கு அப்பாவோட பலகை. பொளந்த எடத்துல ஃபெவிகால் போட்டு இறுக்கிக் கட்டி, அடியில மூணு குறுக்குச் சட்டம் வச்சு ஸ்க்ரூ போட்டாச்சு. பின்னாடி 15 அங்குலத்துக்கு வேற பலகைங்க, நடுவுல ஒரு விரல் இடைவெளி விட்டு. அப்பத்தான் சிந்துற மோர் தேங்காது. நீளம் நாலடி.

கூட்டி நிறுத்தினா... டான்ஸ் ஆடுது! எல்லாம் சரியாத்தானே அடிச்சோம்னு பாத்தா ஆசாரி சிரிக்கறாரு. "நாலு பக்கம் சதுரமா நின்னா சாயும்டா. மூணு மூலை போடு." பின்னாடி எக்ஸ் மாதிரி ரெண்டு, பக்கத்துக்கு ஒண்ணு, குறுக்குச் சட்டம் அடிச்சோம். சதுரம் நசுங்கும், முக்கோணம் நசுங்காது. ஸ்கூல்ல படிச்சதுதான். அன்னிக்குத்தான் புரிஞ்சுது. மேல ஏறி உக்காந்து பாத்தேன். அசையல. 20 லிட்டர் பானைனா தண்ணி மட்டும் 20 கிலோ, பானையோட சேத்து 25க்கு மேல. ரெண்டு பானை. நான் 78 கிலோ. பாஸ் :)

இப்ப என்னோட மாஸ்டர் ஐடியா. மோர்ப் பானை மேல இருந்தாத்தானே கவிழும்? கீழ்த்தட்டுல வச்சு, வாய் மட்டும் மேல்பலகை ஓட்டை வழியா எட்டிப் பாத்தா? வெயிட்டும் கீழ இருக்கும், அம்மாவும் குனியாம மொண்டு ஊத்தலாம். பானையோட கழுத்த அளந்து, அழகா வட்டமா ஒரு ஓட்டை போட்டேன். அரை நாள் வேல. பெருமையா ஆசாரியக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரு பானையப் பாத்தாரு, ஓட்டையப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு.

"சரி. பானைய எப்படி உள்ள வுடுவ?"

பானைக்கு வயிறு பெருசு, கழுத்து சின்னது. மேலேருந்து எறங்காது. கீழேருந்து தூக்கி நுழைக்கத் தட்டு விடாது. சிரசுத் திருவிழாவுக்குத் தலைக்கு மட்டும் ஓட்டை போட்ட மொத ஆளு நான்தான். கடைசில பின்பக்கம் வரைக்கும் அறுத்து லாடம் மாதிரி ஆக்கினோம். இப்ப பின்னாலேருந்து தட்டு மேல நகத்தினா கழுத்து கச்சிதமா உள்ள வந்து நிக்குது.

இன்னொரு பாடம். மோர்ப் பானைக்கும் குழா வச்சிடலாம்னுதான் மொதல்ல நெனச்சேன். ஒத்திகை பாத்தப்போ ரெண்டாவது டம்ளர்லயே கறிவேப்பிலை போய் அடைச்சுது. அதோட மோர் அடியில தங்கும், கலக்கிக்கிட்டே இருக்கணும். குழா தண்ணிப் பானைக்கு மட்டும். அத இன்னொரு ஓரத்துல 6 அங்குலப் பெட்டி மேல வச்சா குழாய்க்குக் கீழ டம்ளர் தாராளமா நிக்குது.

எங்க தெரு வேற சாக்கடைப் பக்கம் சரிவு. ரசமட்டம் வச்சா குமிழ் ஓரத்துல போய் ஒளிஞ்சுக்குது. கம்பெனில கழிச்சுப் போட்ட ரப்பர் சோல் துண்டுங்க சொல்லிட்டு எடுத்தாந்து, காலுக்குக் கீழ அடிச்சேன். முன்கால் ரெண்டுக்கும் ஒண்ணு, பின்கால் ரெண்டுக்கும் ரெண்டு. மட்டமாச்சு, ஈரமும் ஏறாது. "மேசைக்கே செருப்பு போட்டுட்டியா, ஆம்பூர்க்காரன் ஆயிட்டடா"ன்னாரு ஆசாரி.

பேப்பர் கப்பு வாங்கலாமான்னு தங்கமணி கேட்டா. பிளாஸ்டிக் பூச்சு கப்பு 2019 ஜனவரிலேருந்தே தமிழ்நாட்டுல தடை. அதோட இந்தப் பலகை மேல பேப்பர் கப்பு வைக்க எனக்கு மனசு வரல. எவர்சில்வர் டம்ளர் 60.

சிரசு அன்னிக்கு காலைல அஞ்சு மணிக்கே வாசலுக்குக் கொண்டாந்தோம். அம்மா பலகைக்கு மஞ்சள் குங்குமம் வச்சாங்க. ஒண்ணும் சொல்லல, கையால ஒருவாட்டி தடவிப் பாத்தாங்க. தயிர் 12 லிட்டர், ஒண்ணுக்கு அஞ்சு தண்ணி, இஞ்சி, பச்சமொளகா, கொத்தமல்லி, பெருங்காயம், உப்பு. கறிவேப்பிலை உண்டு, இப்ப அடைக்க எதுவும் இல்ல. அம்மா நின்னு மொண்டு ஊத்தி வரிசையா வச்சாங்க. தோள் ஏறல. வந்தவங்க அவங்களே எடுத்துக் குடிச்சாங்க. சின்னப் புள்ளைங்களுக்குக் கூட 31 அங்குலம் எட்டுச்சு. அத நான் யோசிக்கவே இல்ல, தானா அமைஞ்சுது.

நான் எங்க இருந்தேன்னு கேக்குறீங்களா? ஸ்டாண்டுக்குப் பின்னாடி, ஸ்டூல் போட்டு. 17 அங்குலத் தட்டுல இன்னொரு பாதில டம்ளர் கழுவுற அன்னக்கூடை. மத்தியானம் வரைக்கும் கழுவினேன். எத்தனன்னு எண்ணல. கை விரல் எல்லாம் ஊறி சுருங்கிப்போச்சு. நடுவுல தெரிஞ்சவர் ஒருத்தர் எட்டிப் பாத்து, "இன்னா சார், நீங்க போயி கழுவிகினு"ன்னாரு. "பழக்கம் இல்ல, அதான் லேட் ஆவுது"ன்னேன். அம்மா திரும்பாமலே சிரிச்சது முதுகுல தெரிஞ்சுது.

குறை இல்லாம இல்ல. தண்ணிப் பானைக் குழா சொட்டிகிட்டே இருந்துச்சு. ஒட்டின எடத்துல பலகைக் கோடு அப்படியே தெரியுது, வார்னிஷ் அடிச்சும் மறையல. மறைக்கணும்னும் தோணல.

இப்ப ஸ்டாண்டு பின்கட்டுல நிக்குது. அம்மா அது மேல வச்சுத்தான் காய் நறுக்கறாங்க. குனிய வேண்டாமாம். போன வாரம் ஆம்பூர்லேருந்து ஃப்ரெண்ட்ஸ் வந்தாங்க, பிரியாணி அண்டாவும் கத்திரிக்கா தொக்கும் அது மேலதான். ஆடல.

டிஸ்கி: யாராச்சும் செய்யறதா இருந்தா, மரம் வாங்கறதுக்கு முன்னாடி ஊத்தப் போறவங்களோட முழங்கைய அளங்க. ஓட்டை போடுறதுக்கு முன்னாடி பானையோட வயித்த அளங்க. அப்புறம், டம்ளர் யாரு கழுவப் போறாங்கன்னு மொதல்லயே பேசி வச்சிடுங்க. அடுத்த வைகாசி ஒண்ணுக்கு குடியாத்தம் பக்கம் வந்தா வீட்டுக்கு வாங்க. மோர் தானான்னு கேட்டுடாதீங்க. மோரேதான்.